மேகக்காரிக்கு எண்ணத் தெரியும்

1

இந்த ஊரில் எல்லாவற்றுக்கும் ஒரு படிவம் உண்டு. நாய் வளர்க்கப் படிவம், நாய் செத்தால் படிவம், மூன்றாம் மாடியிலிருந்து இரண்டாம் மாடிக்குக் குடிபோனால் அதற்கும் ஒரு படிவம். வட ஜெர்மனியில் இந்தச் சின்னத் துறைமுக ஊருக்கு நர்ஸாக வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. முதியோர் இல்லத்தில் யார் சாப்பிட்டார், யார் சாப்பிடவில்லை, யார் கட்டிலிலிருந்து விழுந்தார் என்று தினமும் கட்டம் கட்டமாக நிரப்புகிறவள் நான். எந்தக் கட்டத்துக்கும் பேனா தயங்கியதில்லை. போன வாரம் தயங்கியது.

என் மகள் மீனாவுக்கு ஒன்பது வயது. பள்ளியில் ஒரு கதை எழுதியிருக்கிறாள். ஊர் நூலகம் குழந்தைகள் எழுதும் கதைகளைச் சேர்த்துச் சின்னப் புத்தகமாகப் போடுகிறது. அதில் இவள் கதையும் வரப்போகிறது. அதற்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டும். படிவத்தில் ஐந்தாவது கேள்வி: ‘இந்தக் கதை குழந்தையின் சொந்தக் கற்பனைதானா?’ ஆம், இல்லை என்று இரண்டு கட்டம்.

மீனாவின் டீச்சர் என்னை நேரில் வரச் சொல்லியிருந்தார். போன வேகத்தில் அவரை ஒருமையில் பேசிவிட்டேன். சேலம் மலைக்காரி நான், நாய்க்குட்டியிடம்கூட ‘ங்க’ போட்டுப் பேசுகிற ஊரில் பிறந்தவள். ஜெர்மனில் மட்டும் மரியாதை வாயில் நிற்க மாட்டேன் என்கிறது. டீச்சர் சிரித்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற மீனா சிரிக்கவில்லை. இப்போதெல்லாம் நான் வாயைத் திறந்தாலே அவள் தரையைப் பார்க்கிறாள்.

“இவ்வளவு அழகான கதை இவளுக்கு எங்கிருந்து வந்தது?” என்று கேட்டார் டீச்சர். “மலை, மேகம், மேகத்துக்குள் இருந்து பெயர் சொல்லிக் கூப்பிடும் பெண். இது உங்கள் நாட்டுப் பழங்கதையா?”

“இல்லை. நான் சொன்னது.”

“அப்படியா! நீங்களும் கதை எழுதுவீர்களா?”

“பதினோரு வயதுவரை எழுதினேன்” என்றேன். நான் ஏதோ நகைச்சுவையாகச் சொன்னதாக நினைத்து அவர் மறுபடி சிரித்தார்.

2

ஏற்காடு என்றதும் உங்களுக்கு ஏரியும் படகும் ஞாபகம் வரும். எனக்கு வராது. எங்கள் வீடு மஞ்சக்குட்டை கிராமத்துக்கு மேலே, ஏரிக்காற்று எட்டாத இடத்தில் இருந்தது. கொஞ்சம் சாமை, கொஞ்சம் ராகி, நாலு பலாமரம். காபிப் பழம் சிவக்கும் மாதங்களில் அப்பா, அம்மா இரண்டு பேரும் பக்கத்து எஸ்டேட்டுக்குப் பழம் பறிக்கப் போவார்கள். லீவு நாளில் நானும் தங்கச்சியும் கூடவே போவோம். ஊரை நினைத்து உருகுகிற ஆள் இல்லை நான். அட்டைக்கடியும் குளிரும் நன்றாக நினைவிருக்கிறது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கதைக்காக நான் எங்கேயும் தேடிப் போனதில்லை. எல்லாம் கண்ணுக்கு முன்னால் இருந்தது. பாக்சைட் தோண்டிவிட்டுப் போன குழியில் மழைத் தண்ணீர் சிவப்பாக நிற்கும். அது ராட்சசன் கை கழுவின தண்ணீர். பழத்தோலைத் துப்புகிற பல்பர் மெஷினுக்குப் பசி அடங்காது, அதனால்தான் அது ராத்திரியில் சங்கிலி போட்டுப் பூட்டப்படுகிறது. மிளகுக்கொடி ஏறின சில்வர் ஓக் மரங்களுக்கெல்லாம் எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் வெள்ளைப் பெயிண்டால் நம்பர் போட்டிருப்பார். அவை நின்ற இடத்தில் உறைந்துபோன சிப்பாய்கள், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நகரும். பெயர்தான் யாருக்கும் தெரியாது, நம்பர் மட்டும் தெரியும். நான் சொல்லச் சொல்ல, என் தங்கச்சி காவேரி வாயைப் பிளந்து கேட்பாள்.

மலையில் மத்தியானம் மூன்று மணிக்கு மேல் மேகம் இறங்கிவிடும். பக்கத்துச் செடியில் பறிக்கிறவள்கூடத் தெரிய மாட்டாள். அதற்கு எஸ்டேட்டில் ஒரு வழக்கம் இருந்தது. மேகம் இறங்கியதும், பறிக்கிறவர்களை மேய்க்கும் மேஸ்திரி மேட்டில் ஏறி நின்று ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவார். மூன்று தடவை. மூன்றாவது தடவைக்குத்தான் “ஓய்” என்று பதில் கொடுக்க வேண்டும். முதல் தடவையோ இரண்டாவது தடவையோ பதில் கொடுக்கக் கூடாது. ஏனென்றால் மேகத்துக்குள் இருக்கும் கெட்டது ஒரு தடவை கூப்பிடும், மிஞ்சினால் இரண்டு தடவை, மூன்றாவது தடவை கூப்பிட அதற்குத் தெம்பு கிடையாது. பெரியவர்கள் அப்படித்தான் நம்பினார்கள். அதனால் எங்கள் பக்கம் வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டாலும் மூன்று தடவைதான்.

பெரியவர்களுக்கு அது வெறும் ‘கெட்டது’. அதற்கு மேகக்காரி என்று பெயர் வைத்தது நான். நரைத்த முடி தரையில் புரள நடப்பாள், கால் கிடையாது, நம் அம்மாவின் குரலிலேயே கூப்பிடுவாள் என்று உருவம் கொடுத்ததும் நான்தான்.

3

காவேரிக்கு ஏழு வயது. கதை கேட்பதில் கெட்டிக்காரி. அவள் கண் விரிவதைப் பார்க்கத்தான் நான் கதை சொன்னேன் என்றே சொல்லலாம். ஆனால் எந்தப் பயமும் பழகிவிட்டால் புளித்துப்போகும். ஒரு நாள் அவள் கொட்டாவி விட்டுவிட்டுச் சொன்னாள்:

“அவளுக்குத்தான் மூணாவது தடவ கூப்படத் தெரியாதே. மூணாவதுக்கு ஓய்னா போச்சு.”

எனக்கு ரோசம் வந்துவிட்டது. இருநூற்றுப் பதினாலு என்று நம்பர் போட்ட மரத்தடிதான் எங்கள் விளையாட்டு வீடு. அங்கே உட்கார்ந்துகொண்டு, அந்த நிமிஷத்தில் தோன்றியதைச் சொன்னேன்.

“தெரியாதுன்னு ஆரு சொன்னது? இத்தன வருசமா மேஸ்திரி கூப்படறத மேகத்துக்குள்ள குக்கி உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்தாளாம். கேட்டுக் கேட்டு இப்ப அவளுக்கு எண்ணத் தெரிஞ்சுபோச்சு. மூணு தடவையும் கூப்படறா. நூறு தடவ வேணும்னாலும் கூப்படுவா.”

காவேரியின் கண் விரிந்தது. அப்படி அது முன்னால் ஒருநாளும் விரிந்ததில்லை. அந்தச் சந்தோஷத்தை நான் பொய்யாக மறைக்க விரும்பவில்லை. என் ஆயுசில் நான் எழுதியதிலேயே சிறந்த வரி அதுதான்.

“அப்பறம் எப்படிக்கா கண்டுபுடிக்கறது? அம்மா கூப்புட்டாலும் அவதானா?”

“அம்மா, அப்பா, மேஸ்திரி, எல்லாக் கொரலும் அவளுக்கு வரும். நம்ம நம்பர் மட்டும் வராது. எரநூத்திப் பதினாலுன்னு சொல்லிக் கூப்புட்டா மட்டும் ஓய்னு சொல்லோணும். இல்லீனா மூச்சுக் காட்டாத. பயமா இருந்தா பாவாடைய வாயில வெச்சுக் கடிச்சுக்கோ.”

“அம்மாகிட்டச் சொல்லட்டுமா?”

“சொன்னா மேகக்காரிக்கும் கேட்டுரும்” என்றேன்.

பல நாள் அதை ஒத்திகை பார்த்தோம். செடிக்குள் ஒளிந்துகொண்டு அம்மா குரலில் நான் கூப்பிடுவேன், அவள் அசைய மாட்டாள். நம்பர் சொன்னால் மட்டும் “ஓய்” என்று குதித்து வருவாள். சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை என்று ஊரில் அவளுக்கு நல்ல பெயர்.

4

அது ஒரு சனிக்கிழமை. “தங்கச்சிய உட்டுட்டுப் போவாத கண்ணு” என்று சொல்லிவிட்டுத்தான் அம்மா பறிப்புக்குப் போனாள். மத்தியானம்வரை கூடவே இருந்தேன். என் பள்ளி டீச்சர் மேகக்காரி கதையை எழுதிக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். நான் எழுத உட்கார்ந்தால் காவேரி தோளில் தொங்கிக்கொண்டு ‘இது என்ன, அது என்ன’ என்று நச்சரித்தாள். மரத்தடியில் அவளை உட்கார வைத்து, “நான் வர்ற வரைக்கும் நகராத” என்று சொல்லிவிட்டு, நோட்டை எடுத்துக்கொண்டு பல்பர் கொட்டகைக்குப் போய்விட்டேன்.

எழுதுகிறவர்களுக்கு நேரம் தெரியாது என்பார்கள். தலை நிமிர்ந்தபோது கொட்டகை வாசல் வெள்ளையாக இருந்தது. தூறலும் ஆரம்பித்துவிட்டது. மேட்டிலிருந்து மேஸ்திரி ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொருவராக ஓய் கொடுத்தார்கள். காவேரி பேருக்கு மட்டும் ஓய் வரவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தேன், மரத்தடியில் அவள் இல்லை. என்னைத் தேடித்தான் நடந்திருப்பாள்.

பறிப்பை விட்டுவிட்டு எல்லோரும் தேட ஆரம்பித்தார்கள். நான் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன். அம்மா பத்தடிக்கு ஒருதரம் நின்று “காவேரீ… காவேரீ… காவேரீ…” என்று மூன்று தடவை கூப்பிடுவாள். காது கொடுத்து நிற்பாள். பதில் இல்லையென்றதும் நகர்வாள். நான் பக்கத்தில் நிற்கிறேன். எனக்குத் தெரியும், அவள் எங்கேயோ கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், ஒரு நம்பருக்காகக் காத்திருக்கிறாள்.

நான் சொல்லவில்லை.

அடி விழும் என்ற பயம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. சுற்றிலும் மேகம். இப்போது நான் வாய்விட்டு எரநூத்திப் பதினாலு என்று கத்தினால் மேகக்காரிக்கும் அது கேட்டுவிடும். அப்புறம் அவளுக்கு அந்த நம்பரும் தெரிந்துவிடும். எங்களுக்கென்று மிச்சமிருந்த ஒரே சொல்லும் போய்விடும். அவளை உண்டாக்கியவள் நான், அவள் இல்லை என்று தெரிந்தவளும் நான் ஒருத்திதான். ஆனால் அன்றைக்கு அந்த வெள்ளைக்குள் நிற்கும்போது எனக்கு அது தெரியவில்லை. உள்ளங்கையைக் குவித்து, அதற்குள் நம்பரை முணுமுணுத்தேன். எனக்கே கேட்கவில்லை.

இருட்டுவதற்குள் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். காலையில் மேகம் விலகியதும் அவளைக் கண்டுபிடித்தார்கள். நாங்கள் எல்லோரும் போவதும் வருவதுமாக இருந்த பாதைக்குக் கீழே, நாற்பதடி தள்ளி, பாறை இடுக்கில். சறுக்கி விழுந்து கால் மாட்டிக்கொண்டிருந்தது. ராத்திரி முழுவதும் மழை. பாவாடை நுனி வாய் நிறைய அடைத்திருந்தது.

அதைப் பார்த்து ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். வலி தாங்காமல் கடித்திருக்கிறாள் என்றார் அப்பா. “உளுந்த மறு நிமிசமே உசுரு போயிருக்குமுங்க. நாம கூப்படறதுக்கு முன்னாலயே போயிருக்கும், சாமி” என்று அம்மாவிடம் சொன்னார் மேஸ்திரி. அம்மா அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். நான் என் நோட்டை அடுப்பில் போட்டேன்.

5

அடுத்த வருஷமே என்னை ஏற்காட்டில் கன்னியாஸ்திரிகள் நடத்திய விடுதியில் சேர்த்தார்கள். கட்டுரைப் பாடத்தில் ‘ஒரு கற்பனைக் கதை எழுதுக’ என்று வந்தால் வெறும் தாளைக் கொடுத்துவிட்டு முட்டிபோடுவேன். கற்பனை வேண்டாத வேலையாகப் பார்த்து நர்ஸ் படிப்புக்குப் போனேன். காய்ச்சல் என்றால் எவ்வளவு என்று தெர்மாமீட்டர் சொல்லும், நான் எதையும் சேர்க்க வேண்டியதில்லை. அப்படியே கடல் தாண்டி இங்கே வந்தாயிற்று.

மீனா பிறந்த பிறகு தப்ப முடியவில்லை. இந்த ஊர்ப் புத்தகங்களில் காடு முழுக்கச் சூனியக்காரிகள். “உன் மலையில யார் இருந்தாங்க?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் எதைச் சொன்னாலும் பதிலை ஜெர்மனில் சொல்கிற பிள்ளை, தமிழில் உட்கார்ந்து கேட்பாள் என்றால் அது கதை மட்டும்தான். அந்த ஆசையில் ஒரு நவம்பர் மாதம் வாய் திறந்தேன். அக்கா, தங்கச்சி, நம்பர், எல்லாம் சொன்னேன். முடிவை மட்டும் மாற்றிக்கொண்டேன். அக்கா ஓடிவந்து நம்பரைக் கத்துகிறாள், தங்கச்சி “ஓய்” என்கிறாள், இரண்டு பேரும் வீட்டுக்குப் போய்ச் சூடாகக் கூழ் குடிக்கிறார்கள். எனக்கு ஒரு தங்கச்சி இருந்தாள் என்பது மீனாவுக்குத் தெரியாது.

படிவத்தோடு இணைத்திருந்த கதையைச் சமையலறை மேசையில் வைத்துப் படித்தேன். நான் சொன்னபடிதான் போனது. நடுவில் ஓரிடத்தில் நின்றுவிட்டேன். மீனாவின் கதையில் அக்கா உடனே கத்துவதில்லை. மேகத்துக்குள் அம்மாவோடு நடக்கிறாள். வாயைத் திறக்கிறாள், மூடுகிறாள். கையைக் குவித்து வாயருகே வைத்துக்கொள்கிறாள்.

இதை நான் அவளுக்குச் சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்லவில்லை. யாருக்குமே சொன்னதில்லை.

“மீனா” என்று கூப்பிட்டேன். அடுத்த அறையிலிருந்து முதல் தடவைக்கே வந்து நின்றாள். இங்கே எல்லோரும் முதல் தடவைக்கே வந்துவிடுகிறார்கள்.

“அக்கா ஏன் முதல்லயே கத்தல?”

இதுகூடத் தெரியாதா என்பது போலப் பார்த்தாள். கதைப் பேச்சு என்பதால் தமிழிலேயே சொன்னாள். “கத்தினா மேகக்காரிக்கும் கேட்கும்ல? அக்கா பயப்படுவால்ல?”

“அப்புறம் எப்படிக் கத்தறா?”

“யோசிக்கிறா. கேட்டா கேட்கட்டும், நாளைக்கு வேற நம்பர் வெச்சுக்கலாம்னு. அவ்ளோதான். எழுதியிருக்கேனே, நீ முழுசாப் படிக்கலையா?”

கடைசிப் பத்தியைப் படித்தேன். இருந்தது. அக்காவும் தங்கச்சியும் கைகோத்துக்கொண்டு மலை இறங்குகிறார்கள். நாளைக்கு எந்த நம்பர் என்று வழியெல்லாம் சண்டை போடுகிறார்கள்.

நாளைக்கு வேற நம்பர். இவ்வளவுதான் வேண்டியிருந்தது. ஒன்பது வயதுக் குழந்தைக்குத் தோன்றியது பதினோரு வயதில் எனக்குத் தோன்றவில்லை. குழாயைத் திறந்துவிட்டு, பாத்திரம் கழுவுவது போல நின்றுகொண்டு, அழுதேன். மீனா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “எழுத்துப்பிழை நிறைய இருக்கா?” என்று ஜெர்மனில் கேட்டாள்.

ஐந்தாவது கேள்விக்கு ‘ஆம்’ கட்டத்தில் குறி போட்டுக் கையெழுத்திட்டேன். அவளுடைய பங்கு அவளுடைய சொந்தக் கற்பனைதான். என்னுடைய பங்கைப் பற்றிக் கேட்க வேண்டிய ஆள் நூலகத்தில் இல்லை, மலையில் இருக்கிறாள்.

6

ஏற்காடு கடைத்தெருவில் ரஹீம் பாய் மளிகைக்கடையோடு டெலிபோன் பூத்தும் வைத்திருக்கிறார். மாதத்தில் முதல் ஞாயிறு அம்மா மஞ்சக்குட்டையிலிருந்து பஸ் ஏறி அங்கே வந்து உட்கார்ந்திருப்பாள். நான் கூப்பிடுவேன். அப்பா போன பிறகு இப்படித்தான் நடக்கிறது.

“சொல்லுங்க, சொல்லுங்க. அம்மா காலையிலயே வந்துட்டாங்க. டீ குடுத்திருக்கேனுங்க” என்று சொல்லிவிட்டு ரிசீவரைக் கொடுத்தார் பாய்.

மிளகு இந்த வருஷம் பரவாயில்லை, முட்டிவலி நொம்ப இருக்குது, மீனா தமிழ் பேசுகிறாளா என்று வழக்கமான பேச்செல்லாம் முடிந்தது. காவேரியின் திதி வருகிறது என்று அம்மாவே ஆரம்பித்தாள். வருஷா வருஷம் சொல்வதையே சொன்னாள்: “ஒண்ணுந் தெரியாமப் போயிட்டா. கூப்படறதுக்கு முன்னாலயே போயிட்டா. அந்த மட்டுக்கும் சாமி புண்ணியம்.”

நான் சொல்லிவிட்டேன். மேகக்காரி, நம்பர், பாவாடை நுனி, குவித்த கை. இருபத்தைந்து வருஷத்துச் சமாசாரம் ஐந்து நிமிஷத்தில் முடிந்துபோனது. மனசு லேசாகும் என்று நினைத்துத்தான் சொன்னேன். என் மனசு என்று சொல்லியிருக்க வேண்டும்.

அந்தப் பக்கம் கடையில் யாரோ சீயக்காய் கேட்பது காதில் விழுந்தது. பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று.

“அம்மா…”

“அப்பிடீனா நாங் கூப்புட்டது அவளுக்குக் கேட்டுச்சா, கண்ணு?”

“கேட்டிருக்கும்மா.”

“எல்லாத் தடவையும்?”

நான் ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

“கேக்கலைன்னு நெனச்சுத்தான் சாமி இத்தன வருசமும் சோறு தின்னேன்” என்றாள் அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

பிறகு, “அது என்ன நம்பரு?” என்று கேட்டாள்.

“எரநூத்திப் பதினாலு.”

ரிசீவர் எதன் மேலோ இடிக்கிற சத்தம். அம்மா அதை வாயை விட்டுத் தள்ளிப் பிடித்திருப்பாள் போல. அப்புறம் அவள் குரல் கேட்டது, கடைக்குள் பேசுகிற குரல் இல்லை, மேட்டில் நின்று கூப்பிடுகிற குரல்.

“காவேரீ… எரநூத்திப் பதினாலு!”

“காவேரீ… எரநூத்திப் பதினாலு!”

“காவேரீ… எரநூத்திப் பதினாலு!”

கடையில் பேச்சு நின்றுவிட்டது. “அம்மா, ஏனுங்க, என்னாச்சுங்க, உக்காருங்க” என்று பாய் பதறுவது கேட்டது.

மூன்றாவது தடவைக்கு “ஓய்” கொடுக்க வேண்டும். அதுதான் எங்கள் மலை வழக்கம். நான் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன், ஓய் கொடுக்கவில்லை. அம்மா கூப்பிட்டது என்னை இல்லை.